வைட்டமின் டி 20-க்குக் கீழே: வெயிலா, தினசரி மாத்திரையா, வாரம் ஒரு சாஷேயா, ஊசியா?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின் எல்லாம் ஒழுங்காக இருந்தும் வைட்டமின் டி வரி மட்டும் தடித்த எழுத்தில் வருவது தமிழ்நாட்டில் வெகு சாதாரணம். 17.4 என்று ஓர் எண், பக்கத்தில் ‘குறைபாடு’ என்று ஒரு சொல். அந்தத் தாளோடு மருந்துக்கடைக்குப் போனால் 60,000 யூனிட் சாஷே, அதாவது சிறு பொட்டலம், நாலைந்து கையில் வரும். வீட்டுப் பெரியவர்கள் காலை வெயிலில் நிற்கச் சொல்வார்கள். சில கிளினிக்குகளில் ஊசி ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படி இல்லை. 17.4 வந்தவருக்குப் பொருந்துவது 6 வந்தவருக்குப் போதாது. 6 வந்தவருக்குத் தேவைப்படுவது 26 வந்தவருக்கு வேண்டவே வேண்டாம்.

முதலில் தாளைச் சரியாகப் படிப்போம்

ரிப்போர்ட்டில் ‘25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, மொத்தம்’ என்று இருக்க வேண்டும். உடலில் உள்ள இருப்பைக் காட்டுவது அதுதான். ‘1,25-டைஹைட்ராக்ஸி’ என்று இருந்தால் தவறான பரிசோதனை எடுக்கப்பட்டிருக்கிறது. அது சிறுநீரகம் கடைசிக் கட்டத்தில் உருவாக்கும் ஹார்மோன். டி குறையும்போது, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் ஏறி, சிறுநீரகத்தை விரட்டி அதைக் கூடுதலாகச் செய்ய வைக்கும். அதனால் இருப்பு வறண்டு கிடக்கும்போதும் அந்த எண் இயல்பாகவோ கூடுதலாகவோ வரும். சிறுநீரகக் கோளாறு, விளக்கமில்லாத கால்சிய ஏற்றம் போன்ற சில நிலைகளைத் தவிர அதை எடுக்கத் தேவையில்லை. விலையும் அதிகம்.

அடுத்து அலகு. இந்திய லேப்கள் ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் தருகின்றன. லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் உறவினரின் ரிப்போர்ட் ஒரு லிட்டருக்கு நானோமோல் கணக்கில் இருக்கும். நானோகிராமை 2.5 ஆல் பெருக்கினால் நானோமோல் வந்துவிடும். அங்கே 50 என்று வந்த எண் இங்கே 20. இதைக் கவனிக்காமல் போனில் எண்களை ஒப்பிட்டு, ‘அவளுக்கு 50 இருக்கிறது, எனக்கு 20தான்’ என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. இருவருக்கும் இருப்பது ஒரே அளவு.

இனி அந்தக் ‘குறைபாடு’ என்ற சொல். பெரும்பாலான லேப்கள் அச்சிடும் வரம்பு இது: 20-க்குக் கீழ் குறைபாடு, 20 முதல் 30 வரை போதாமை, 30 முதல் 100 வரை போதுமானது. இது ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலிருந்து வந்தது. ஏறத்தாழ அதே சமயத்தில் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் குழு வேறொரு முடிவுக்கு வந்தது. எலும்பு நலனுக்கு 20 இருந்தால் 97.5 சதவீதம் பேரின் தேவை நிறைவேறிவிடும். பாதிப் பேருக்கு 16-லேயே நிறைவேறிவிடும். 12-க்குக் கீழே போனால்தான் குறைபாட்டின் ஆபத்து கூடுகிறது. அதாவது 20 என்பது ஏறக்குறைய எல்லோரையும் உள்ளடக்க வைத்த மேல்வரம்பு. அதற்குக் கீழே இருப்பவர்கள் எல்லோரும் நோயாளிகள் என்று பொருள் இல்லை. 2024இல் எண்டோகிரைன் சொசைட்டியே தன் பழைய 30 இலக்கை இனி ஆதரிப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக டி பரிசோதனை செய்வதும் வேண்டாம் என்றது. ஆனால் லேப் தாள்களில் பழைய வரம்புதான் இன்னும் அச்சாகிறது. 24 வந்ததற்காகச் சாஷே விழுங்கிக்கொண்டிருப்பவர்களில் பலரும் இந்த ஒரு வரி மாறாததால்தான் விழுங்குகிறார்கள்.

எண்ணின் நம்பகத்தன்மைக்கும் எல்லை உண்டு. ஒரே ரத்தத்தை இரண்டு லேப்களுக்கு அனுப்பினால் 10 சதவீதம், சில சமயம் அதற்கும் மேல் வித்தியாசம் வரலாம். 28-உம் 31-உம் நடைமுறையில் ஒரே எண். முன்னேற்றம் பார்க்க வேண்டுமானால் அதே லேப், அதே முறை. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல மாத்திரைகளில் 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் இருக்கிறது. சில கருவிகளின் வேதிமுறையே பயோட்டினை அடிப்படையாகக் கொண்டது என்பதால், அது ரத்தத்தில் மிதந்தால் டி அளவு பொய்யாக ஏறிக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். கடுமையான காய்ச்சலின்போதோ அறுவைச் சிகிச்சை முடிந்த கையோடோ எடுத்த அளவு பொய்யாக இறங்கிக் காட்டும். உடல் தேறி சில வாரம் கழித்து எடுப்பதே கணக்கு. வெறும் வயிறு தேவையில்லை.

டி வரியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது

முடிவைத் தீர்மானிப்பது டி-யின் எண்ணைவிட அதன் பக்கத்து எண்கள்தான்: கால்சியம், பாஸ்பரஸ், எலும்பு பாதித்தால் ஏறும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி, கிரியேட்டினின், தேவைப்பட்டால் பிடிஎச் என்னும் பாராதைராய்டு ஹார்மோன். மூன்று மாதிரி ரிப்போர்ட்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

முதலாவது: டி 17.4, கால்சியம் 9.4, பாஸ்பரஸ் 3.5, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 82, பிடிஎச் 44. எலும்பு நிம்மதியாக இருக்கிறது. பாராதைராய்டு பதறவில்லை. இவருக்கு அவசரம் ஒன்றுமில்லை.

இரண்டாவது: டி 6.8, கால்சியம் 8.2, பாஸ்பரஸ் 2.1, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 240, பிடிஎச் 180. இது ஆஸ்டியோமலேசியா, அதாவது எலும்பு மென்மையாகும் நோயின் முகம். இப்படிப்பட்டவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கையூன்றாமல் எழுந்திருக்க முடியாது. படியேறும்போது தொடை சொன்னபடி கேட்காது. நடை இரு பக்கமும் அசையும். முன்னங்கால் எலும்பை விரலால் அழுத்தினால் வலிக்கும். ‘மூட்டுத் தேய்மானம்’ என்று வருடக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்களில் சிலர் உண்மையில் இந்த நிலையில் இருப்பவர்கள். சரியான சிகிச்சையில் எழுந்து நடந்துவிடுவார்கள் என்பதால் இதைத் தவறவிடுவது பெரும் அநியாயம்.

மூன்றாவது: டி 14, கால்சியம் 10.9, பிடிஎச் 130. டி குறைவாக இருக்கும்போது கால்சியம் ஏறியிருப்பது முரண். பாராதைராய்டு சுரப்பியில் கட்டி இருக்கக்கூடும். இவர் கடையில் சாஷே வாங்கி விழுங்கினால் கால்சியம் இன்னும் ஏறும். எண்டோகிரைன் மருத்துவரைப் பார்க்கும்வரை எதையும் தொடக் கூடாது. கால்சியம் பார்க்காமல் பெரிய அளவு டி ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்வது இந்த மூன்றாமவருக்காகத்தான்.

கால்சியத்தைப் படிக்கும்போது அல்புமின் என்னும் ரத்தப் புரதத்தையும் பாருங்கள். அல்புமின் 4-க்குக் கீழே ஒவ்வொரு 1 குறைவுக்கும் கால்சியத்தோடு 0.8 கூட்டிக்கொள்ள வேண்டும். அல்புமின் 3, கால்சியம் 8.2 என்றால் உண்மைக் கணக்கு 9.0.

வெயில்: செலவில்லை, ஆனால் நேரம் முக்கியம்

காலை ஏழு மணி இளவெயில் உடம்புக்கு இதம். வைட்டமின் டி கணக்கில் அதற்கு ஏறக்குறைய மதிப்பே இல்லை. தோலில் டி உருவாக வேண்டுமானால் புற ஊதா-பி கதிர் வேண்டும். சூரியன் தாழ இருக்கும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்தை நெடுந்தூரம் சாய்வாகக் கடந்து வருவதால் ஓசோனிலேயே பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிடுகிறது. ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையிலேயே இருக்கும் திருப்பதியில், டாக்டர் சி. வி. ஹரிநாராயண் குழுவினர், தோலில் உள்ள மூலப்பொருளைக் குப்பிகளில் அடைத்து மணிக்கு மணி வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். மாற்றம் உச்சத்தில் இருந்தது காலை 11 முதல் பிற்பகல் 2 வரை. கடிகாரம் இல்லாமலே அறிய ஒரு வழி உண்டு: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் டி உருவாகும், நீளமாக இருந்தால் பெரிதாக உருவாகாது.

கறுத்த தோலில் மெலனின் நிறமி அந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்வதால் வெள்ளைத் தோலுக்குச் சொன்ன ‘பத்து நிமிடம்’ நமக்குப் பொருந்தாது. முகமும் முழங்கை வரை கையும் மட்டும் தெரிந்தால் அரை மணி நேரமாவது, வாரத்தில் பல நாள் வேண்டியிருக்கும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் புற ஊதா-பி இல்லை. கார் கண்ணாடியும் அப்படித்தான். தூசும் புகையும் மண்டிய சாலை ஓரத்தில் இன்னும் குறையும். வெயிலால் டி அளவு மீறுவது நடக்காது, ஏனெனில் மிகுதியை அந்த வெயிலே தோலுக்குள் சிதைத்துவிடும். இது வெயிலின் பெரிய பலம்.

ஆனால் சித்திரை வைகாசியில் பன்னிரண்டு மணிக்கு எழுபது வயதுக்காரரை மொட்டை மாடியில் நிறுத்துவது ஆபத்து. அலுவலகத்தில் இருப்பவருக்கு அந்த நேரம் கிடைப்பதும் அரிது. 20-க்கு மேல் இருப்பவர், பகலில் வெளியே நடமாட வாய்ப்புள்ளவர், இவர்களுக்கு வெயில் போதும். 12-க்குக் கீழே விழுந்தவரை மேலே தூக்க வெயிலை மட்டும் நம்ப மாட்டேன்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முட்டையின் மஞ்சள் கருவில் 40 யூனிட் அளவு. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்கள்தான் உருப்படியாகத் தருபவை. ‘+எஃப்’ முத்திரை போட்ட செறிவூட்டிய பாலில், உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட். அரை லிட்டர் குடித்தால் 100 முதல் 150. தினத் தேவை 600. கீரை, கேழ்வரகு, பருப்பில் டி இல்லை. கேழ்வரகில் இருப்பது கால்சியம்.

தினசரி 1000 அல்லது 2000 யூனிட்

12-க்கும் 20-க்கும் இடையில் இருக்கும் பெரும்பாலோருக்கு என் தேர்வு இதுதான். ஒரு பழகிய கணக்கு உண்டு: தினம் 100 யூனிட்டுக்கு ஏறத்தாழ 1 நானோகிராம் ஏறும். தினம் 1000 யூனிட் மூன்று மாதம் எடுத்தால் 15 இருந்தவர் 22 முதல் 25 வரை வருவார். உடல் எடை மிக அதிகமுள்ளவர்களுக்கு ஏற்றம் குறைவாக இருக்கும். டி கொழுப்பில் கரைவது என்பதால் உடற்கொழுப்பில் பரவிவிடுகிறது. அவர்களுக்கு இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று மடங்கு வேண்டியிருக்கும். வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமாஸெபின், ஃபீனோபார்பிட்டோன் எடுப்பவர்களுக்கும், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கும் கல்லீரல் டி-யை வேகமாக உடைத்துவிடுவதால் இதே நிலைதான். ஆனால் காசநோய், சார்காய்டோசிஸ் உள்ளவர்கள் தாமாக அளவைக் கூட்டக் கூடாது. அந்த நோய்க் கட்டிகளில் உள்ள செல்களே டி-யைச் செயல்படும் ஹார்மோனாக மாற்றிக் கால்சியத்தை ஏற்றிவிடக்கூடும்.

எப்போது சாப்பிடுவது? அன்றைய உணவுகளில் எதில் எண்ணெயோ நெய்யோ அதிகமோ அதோடு. வெறும் காபியோடு விழுங்கினால் உறிஞ்சப்படுவது குறையும். பெரியவர் ஒருவர் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தினமும் எடுக்கத்தக்க உச்சவரம்பு 4000 யூனிட். அதற்கு மேல் போனால் கூடுதல் பலன் இருக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, எதிர்ப்பக்கம் ஆதாரம் இருக்கிறது: கனடாவின் கால்கரியில் தினம் 400, 4000, 10,000 யூனிட்டுகளை மூன்று ஆண்டுகள் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வில் (2019), கூடுதலாக எடுத்தவர்களுக்கு மணிக்கட்டு எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்தே காணப்பட்டது.

சிறிய தினசரி அளவுக்கு ஒரே குறை, மறந்துபோவது. இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது. ரத்தத்தில் இந்த இருப்பு பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரம் எடுக்கும். வாரக்கணக்கில் மறப்பவர்தான் அடுத்த வழியை யோசிக்க வேண்டும்.

வாரம் ஒரு 60,000

நம் ஊரில் வைட்டமின் டி என்றாலே இதுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு கிராம் குருணையாகச் சாஷேயில் வரும். மென்மையான கேப்ஸ்யூலாக வரும். 5 மில்லி குப்பியில் திரவமாகவும் வரும். மூன்றிலும் இருப்பது அதே 60,000 யூனிட் கோலிகால்சிஃபெரால், அதாவது டி3. எடையில் சொன்னால் 1.5 மில்லிகிராம். ‘நானோ’ என்று விலை கூட்டி விற்கும் திரவம், குடலில் உறிஞ்சல் கோளாறு இல்லாத ஒருவருக்கு அவசியமில்லை.

வழக்கமான முறை: வாரம் ஒன்று, எட்டு வாரம், மொத்தம் 4,80,000 யூனிட். யாருக்கு? 10, 12-க்குக் கீழே இருப்பவர்களுக்கு; மேலே சொன்ன இரண்டாவது ரிப்போர்ட்டைப் போல எலும்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு; எலும்புப்புரைக்கு ஸோலெட்ரோனிக் அமில ஊசியோ டெனோசுமாப்போ ஆரம்பிப்பதற்கு முன் அளவைச் சீக்கிரம் ஏற்ற வேண்டியவர்களுக்கு. கடைசியாகச் சொன்னவர்கள் டி குறைவாக இருக்கும்போதே அந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் கால்சியம் திடீரென்று இறங்கி விரல்கள் மடங்கி இழுக்கும்.

குருணையை அரை டம்ளர் பாலில் கலந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் குடிப்பது எளிது. ஒரு கிழமையை முடிவு செய்து காலண்டரில் எட்டு வாரத்தையும் முன்கூட்டியே வட்டம் போட்டுவிடுங்கள். எட்டாவது வட்டத்துக்குப் பக்கத்தில் ‘நிறுத்து’ என்று எழுதுங்கள். ஒரு வாரம் தவறினால் நினைவு வந்த அன்று எடுங்கள். இரண்டைச் சேர்த்து எடுக்க வேண்டாம்.

இந்த முறையில் கோளாறு வரும் இடங்கள் மூன்று. வாரம் ஒன்று என்று எழுதியதை மற்ற மாத்திரைகளைப் போலத் தினம் ஒன்று என்று எடுத்துவிடுவது முதலாவது. டி நச்சாகி மருத்துவமனைக்கு வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் தவறு இது. எட்டு வாரம் முடிந்தும் யாரும் நிறுத்தச் சொல்லாததால் அதே சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குவது இரண்டாவது. எலும்பு மருத்துவர் ஒரு சாஷே, சர்க்கரை மருத்துவர் ஒரு கேப்ஸ்யூல், பெண்கள் மருத்துவர் டி கலந்த ஒரு கால்சியம் மாத்திரை என்று வேறு வேறு பெயரில் ஒன்றே மூன்றாகச் சேர்வது மூன்றாவது. எந்த மருத்துவரிடம் போனாலும் வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எட்டு வாரத்துக்குப் பின் தினசரி 1000 முதல் 2000-க்கு மாறுவது நல்லது. மாதம் ஒரு 60,000 என்பதும் கணக்குப்படி தினம் 2000-தான். ஆனால் எழுபது வயது கடந்து, ஏற்கெனவே தடுக்கி விழுந்த அனுபவம் உள்ளவர்களிடம் சூரிச்சில் நடந்த ஆய்வு (2016) ஒன்றை மறக்க முடியவில்லை. மாதம் 24,000 எடுத்தவர்களைவிட மாதம் 60,000 எடுத்தவர்களே அதிகம் விழுந்தார்கள், ரத்த அளவு நன்றாக ஏறியிருந்தபோதும். மொத்தமாகப் பெரிய அளவு உள்ளே போகும்போது உடல் அதை உடைக்கும் நொதியையும் கூடுதலாக உருவாக்குகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். ஆகவே பாட்டி தாத்தாவுக்குத் தினசரி சிறிய அளவே மேல். 75 வயதைத் தாண்டியவர்களுக்குப் பரிசோதனையே இல்லாமல் அதைக் கொடுக்கலாம் என்று எண்டோகிரைன் சொசைட்டியின் 2024 வழிகாட்டுதலும் சொல்கிறது.

ஊசி

3 லட்சம், 6 லட்சம் யூனிட் ஊசிகள் கிடைக்கின்றன. ‘ஒரே ஊசியில் ஆறு மாதத்துக்குக் கவலை இல்லை’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன். எண்ணெயில் கரைத்த டி தசையிலிருந்து மெதுவாகவும் ஆளுக்கு ஆள் மாறியும் ரத்தத்துக்கு வருகிறது. உச்சத்தை எட்டவே வாரக்கணக்கில் ஆகும். எனவே வேகம் என்பதும் இல்லை. கால்சியம் ஏறிவிட்டால் மாத்திரையை நிறுத்தலாம், போட்ட ஊசியை எடுக்க முடியாது. வாய்வழியாகவே வருடத்துக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வில் (2010), எழுபது கடந்த 2,256 பெண்களில், மருந்து எடுத்தவர்களுக்கே விழுவதும் எலும்பு முறிவதும் கூடின. எலும்பைக் காக்கக் கொடுத்தது எலும்பை முறித்தது. சீலியாக் நோய் (கோதுமைப் புரதம் ஒவ்வாமல் குடல் பாதிக்கப்படுவது), குடல் அறுவை, உடல் எடைக் குறைப்பு அறுவை போன்றவற்றால் வாய்வழி மருந்து ஏறவே ஏறாதவர்களுக்கு மட்டும், கால்சியத்தைக் கண்காணித்து, ஊசி ஒரு வழி.

அட்டையின் பின்பக்கம்

கால்சியம் மாத்திரை அட்டையைத் திருப்பி, சிறிய எழுத்தை வெளிச்சத்தில் படியுங்கள். ‘கோலிகால்சிஃபெரால்’ அல்லது ‘வைட்டமின் டி3, 250 யூனிட், 500 யூனிட்’ என்று இருந்தால் சரி. ‘கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம்’ என்று இருந்தால் அது வேறு மருந்து. அது செயல்படும் ஹார்மோனே. உடலின் கட்டுப்பாட்டைத் தாண்டி நேரே குடலில் கால்சியத்தை உறிஞ்ச வைக்கும். முற்றிய சிறுநீரகச் செயலிழப்பு, பாராதைராய்டு சுரப்பி வேலை செய்யாமை போன்றவற்றுக்கு உரியது. சாதாரணக் குறைபாட்டுக்கு அதை எடுத்தால் 25-ஹைட்ராக்ஸி இருப்பு ஏறாது. கால்சியம் மட்டும் ஏறும். மூன்று மாதம் விடாமல் எடுத்தும் ரிப்போர்ட்டில் டி அசையவே இல்லை என்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு. டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து எடுக்கப்படுகிறது; மென்மையான கேப்ஸ்யூலின் உறை ஜெலட்டின். உறையை மட்டும் தவிர்க்க நினைப்பவர் சாஷேயோ மாத்திரையோ வாங்கலாம். விலங்கு சாராததே வேண்டுமென்றால் பாசிக்காளானிலிருந்து (லைக்கன்) எடுத்த டி3 உண்டு, ஈஸ்ட் வழியே வரும் டி2-உம் உண்டு. டி2 ரத்தத்தில் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் மாதம் ஒருமுறை முறைக்கு உதவாது. சில லேப் கருவிகள் டி2-வை முழுதாகக் கணக்கில் பிடிப்பதும் இல்லை.

கூடவே கால்சியம் மாத்திரை வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். தினத் தேவை 1000 மில்லிகிராம். அரை லிட்டர் பாலும் தயிருமாக 600 வந்துவிடும். நூறு கிராம் கேழ்வரகில் 350 அளவு. இப்படிச் சாப்பிடுகிறவர் டி மட்டும் எடுத்தால் போதும். இரண்டாவது ரிப்போர்ட்காரருக்குக் கட்டாயம் வேண்டும், ஏனெனில் பட்டினி கிடந்த எலும்பு டி கிடைத்ததும் ரத்தத்திலுள்ள கால்சியத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாமல். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் தள்ளி எடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கால்சியம் மாத்திரையைத் தொடக் கூடாது.

இருபதுக்கு மேல் இருப்பவருக்கு

21, 24, 27 வந்தவர், எலும்புப்புரையோ முறிவோ குடல் கோளாறோ இல்லாதவர், ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அசதி, முடி உதிர்தல், மனச்சோர்வு என்று டி-யைத் தேடிப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அமெரிக்காவில் 25,871 பேரிடம் தினம் 2000 யூனிட் கொடுத்து ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்த ‘வைட்டல்’ ஆய்வில் புற்றுநோய் வருவதும், மாரடைப்பும், எலும்பு முறிவும், மனச்சோர்வும் குறையவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே போதுமான அளவு உள்ளவர்கள் என்பதை மறக்கக் கூடாது. இந்த முடிவு 6 வந்தவருக்குப் பொருந்தாது, 24 வந்தவருக்குப் பொருந்தும். அசதிக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டிஎஸ்எச், பி12 பார்ப்பது பணத்துக்கும் நேரத்துக்கும் அதிகப் பயன் தரும்.

மறுபரிசோதனை, நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதத்தில் ரத்தம் கொடுப்பது வீண். அளவு நிலைபெற மூன்று மாதம் ஆகும். தினம் 1000 எடுக்கும் ஆரோக்கியமானவர் மறுபடி பார்க்கவே தேவையில்லை. ஒரு பரிசோதனைச் செலவில் பல மாத மாத்திரை வாங்கிவிடலாம். 12-க்குக் கீழே இருந்து சிகிச்சை எடுத்தவர், உறிஞ்சல் கோளாறு உள்ளவர், வலிப்பு மருந்து எடுப்பவர் ஆகியோர் மூன்று மாதத்தில் டி-யும் கால்சியமும் பார்க்க வேண்டும். எட்டு சாஷேயும் ஒழுங்காக எடுத்து 8-லிருந்து 11-தான் ஆனது என்றால், அளவைக் கூட்டுவதற்கு முன் சீலியாக் நோய்க்கான டிடிஜி பரிசோதனையைக் கேளுங்கள். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இயல்புக்கு வர மாதக்கணக்கில் ஆகும். முதல் சில வாரங்களில் அது சற்று ஏறினாலும் பயப்பட வேண்டாம்.

100-ஐத் தாண்டினால் எல்லாவற்றையும் நிறுத்திக் கால்சியம் பாருங்கள். நச்சுத்தன்மை பெரும்பாலும் 150-க்கு மேல்தான் தெரியும்: பசியின்மை, குமட்டல், வாந்தி, கடும் மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், முதியவர்களுக்குக் குழப்பம். சர்க்கரை நோயாளிகளிடம் தாகத்தையும் சிறுநீரையும் சர்க்கரை ஏற்றம் என்று எண்ணி விட்டுவிடுவது நடக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறுநீரில் கால்சியம் வெளியேறுவது குறைவு என்பதால் இந்த நிலை சீக்கிரம் வரும். டிகாக்சின் எடுப்பவர்களுக்குக் கால்சிய ஏற்றம் இதயத் துடிப்பையே கெடுத்துவிடும்.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் கணக்கு எதுவும் செல்லாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்த முதல் நாட்களிலிருந்து ஒரு வயது வரை தினம் 400 யூனிட். இதற்குப் பரிசோதனை வேண்டாம். சொட்டு மருந்தில் மில்லிக்கு 400 யூனிட் உள்ளதும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. முதல் குப்பி தீர்ந்து கடைக்காரர் வேறு பெயரில் மாற்றிக் கொடுத்தால், பழையபடி 1 மில்லி கொடுப்பதற்கு முன் புதிய அட்டைப்பெட்டியில் ஒரு மில்லிக்கு எத்தனை என்று பாருங்கள். 800 என்றால் அரை மில்லிதான். பழைய குப்பியின் டிராப்பரைப் புதியதில் போட்டுப் பயன்படுத்தாதீர்கள். கோடுகளின் அளவு மாறும். குழந்தைக்குக் கால் வளைந்திருக்கிறது, மணிக்கட்டு தடித்திருக்கிறது, ஒன்றரை வயது தாண்டியும் உச்சிக்குழி மூடவில்லை என்று சந்தேகம் வந்தால், சொட்டு மருந்தை நீங்களாகக் கூட்டிக் கொடுக்காமல் குழந்தை மருத்துவரிடம் மணிக்கட்டு எக்ஸ்ரேயும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் பார்க்கச் சொல்லுங்கள்.